தெரியாதவளே சொல்லிக் கொடுக்கட்டும்

பத்தாம் வகுப்பில் 14 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை பெயிலானால் தேர்ச்சி விகிதம் 7 சதவீதம் இறங்கிவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் குறைவது அரை சதவீதம்தான். எங்களைப் போன்ற சின்ன உயர்நிலைப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, யார் தேறுவார்கள், யார் நம்மைக் கீழே இழுப்பார்கள் என்று மனசு பிரிக்கத் தொடங்கிவிடும். இந்தப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் எனக்கும் வந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, யாரையும் அனுப்பியதுமில்லை. ஆனால் அந்த நினைப்பை உள்ளே வைத்துக்கொண்டு அதே பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது எவ்வளவு கூச்சமான காரியம் என்பதை நாங்கள் ஆசிரியர் அறையில்கூடப் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் பள்ளி சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரில் இருக்கிறது. நடுநிலைப் பள்ளியாக இருந்து, 2009-ல் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டத்தின் பயனாக உயர்நிலைப் பள்ளியானது. ஒரு தலைமையாசிரியர், பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள். ஆறிலிருந்து பத்து வரை சேர்த்துப் பிள்ளைகள் எழுபது சொச்சம். அறிவியலுக்கு நான் ஒருத்தி. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஐந்து வகுப்புக்கும் என் பொறுப்பு. நான் படித்தது விலங்கியல். பெரிய மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார், சந்தேகம் கேட்கலாம். இங்கே கேட்க ஆளில்லை. மின்னோட்டவியல் பாடம் நெருங்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். முந்தின இரவு உட்கார்ந்து படித்துக்கொண்டு போய்த்தான் நடத்துவேன். அப்படிப் படித்துப் போன நாட்களில் என் பாடம் நன்றாகவே இருந்தது. அதற்கு என்ன காரணம் என்று நான் யோசித்துப் பார்க்க ரொம்ப நாளாயிற்று.

பின்தங்கிய பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்களில் ஒரே மருந்துதான். அவர்களுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர். மினிமம் மெட்டீரியல் கொடுப்போம். அதில் வருவதைத் திரும்பத் திரும்ப எழுத வைப்போம். படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்விகள், ஒரு மதிப்பெண் வினாக்கள் என்று எதிலெல்லாம் மதிப்பெண் ஒட்டுமோ அதையெல்லாம் சேகரித்துக் கொடுப்போம். அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. எப்படியாவது 35-ஐத் தொட்டுவிட வேண்டும். இதை நான் பழிக்க மாட்டேன். மினிமம் மெட்டீரியலால் பாஸாகி நர்சிங் படித்து இன்று குடும்பத்தைத் தாங்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். ஆனால் அது பரீட்சை வரைக்கும் தாங்கும் மருந்து. ஆறாம் வகுப்பில் விட்ட இடம் அப்படியே ஓட்டையாக இருக்கும்.

அந்த ஓட்டையை ஒரு நாள் கரும்பலகையிலேயே பார்த்தேன். 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் தொகுபயன் மின்தடை என்ன? பத்தாம் வகுப்பில் கட்டாயம் வருகிற கணக்கு. 1/R = 1/6 + 1/3 என்பது வரைக்கும் சரியாக எழுதினாள் ஒரு மாணவி. அடுத்த வரியில் 2/9 என்று போட்டாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே ஆறும் மூன்றும் ஒன்பது. அவளுக்கு ஓம் விதி தெரியும், சூத்திரமும் தெரியும். தெரியாதது பின்னங்களைக் கூட்டுவது. அது ஆறாம் வகுப்புக் கணக்கு. அவளுக்குப் பதினைந்து வயது. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்து ‘இதை முதலில் படி’ என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் பள்ளிக்கே வர மாட்டாள்.

ஆசிரியர்கள் பலரும் முட்டி நிற்கிற சுவர் இதுதான். பிள்ளைக்கு வேண்டியது கீழ்வகுப்புப் பாடம். அதை அந்த வயசில் எல்லோர் முன்னாலும் கையில் எடுப்பது அவமானம்.

வழி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இரண்டு ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போய்விட்டதால், ஆறாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் ஒரே வராந்தாவில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம். நான் பத்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த வேண்டியிருந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டு, ‘ஆளுக்கு ரெண்டு தம்பி தங்கச்சியைக் கூட்டி வச்சு இதைச் சொல்லிக் குடுங்க’ என்றேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஸ்பெஷல் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்ததால்தான் இவர்களைக் கூப்பிட்டேன், வேறு நோக்கம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், பின்னம் தெரியாத அந்தப் பெண் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துத் தலை குனிந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் அப்போது அந்தப் பிள்ளைகளுக்கு அக்கா, டீச்சர்.

அதற்குப் பிறகு தலைமையாசிரியரிடம் கேட்டு, டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்கினேன். சின்னப் பள்ளியில் இதற்கெல்லாம் ஐந்து பேர் தலையாட்டினால் போதும். மற்ற ஆசிரியர்களும் விட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பாடநூல்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. மின்சாரம் ஆறிலிருந்து பத்து வரை ஒரு வகுப்பைக்கூட விடாமல் வருகிறது. ஆறில் மின்கலம், சுற்று, கடத்தி, ஏழில் மின்னோட்டம், மின்னுருகி, எட்டில் மின்னூட்டம், மின்னல், புவித்தொடுப்பு, ஒன்பதில் மின்தடை, பத்தில் கணக்குகள், திறன், வீட்டு மின்சுற்று. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு முப்பருவ முறையில் இரண்டாம் பருவத்தில் வரும். மற்ற வகுப்புகளின் மின்சாரப் பாடத்தையும் தள்ளி, அக்டோபர், நவம்பரில் ஐந்துக்கும் ஒரே சமயத்தில் வரும்படி வைத்துக்கொண்டேன். அடைமழைக் காலம். இடி இடிக்கும், கரண்ட் போய்ப் போய் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னல் பாடத்துக்குத் தனியாக உதாரணம் தேட வேண்டியதில்லை.

பல்புக்குத்தான் திண்டாட்டம். டார்ச் பல்ப் இப்போது கடைகளில் கிடைப்பதே அரிது. எல்.இ.டி. வைத்துப் பார்த்தோம். திருப்பி மாட்டினால் எரியாது, இரண்டைத் தொடராக மாட்டினால் இரண்டு மின்கலத்துக்கு எரியவே எரியாது. மங்குவதைக் காட்ட முடியவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு லைட் போடுகிறவரின் கொட்டகையில் பழைய சீரியல் செட்டுகள் கிடந்தன. எல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டதால் அவருக்கு அவை குப்பை. ஒரு மூட்டை கொடுத்தார். அதிலிருந்து பல்புகளை வயரோடு வெட்டி எடுத்தோம். இந்த பல்புக்கு எத்தனை மின்கலம் வேண்டும்? அதையே பத்தாம் வகுப்புக்குக் கேள்வியாகக் கொடுத்தேன். ஒரு சரத்தில் 40 பல்பு தொடராக இருக்கிறது, அது 230 வோல்ட்டில் எரிந்தது. பங்கிட்டால் ஒன்றுக்கு 5.75 வோல்ட். ஒரு மின்கலம் 1.5 வோல்ட். நான்கு வேண்டும். வகுத்தல் கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பையன் இதை நோட்டில் போட்டுக் காட்டினான். மின்கலம் வாங்க எவ்வளவு காசு என்பதும் அவனே சொன்னான். சுவர் பிளக்கின் பக்கம் ஒருவரும் போகக் கூடாது, வெறும் மின்கலம்தான் என்பது மட்டும் என் கண்டிப்பு.

இனி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். அவளுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு வாயாடிப் பையன் வாய்த்தான். இரண்டு பல்பைத் தொடராக மாட்டினாள், இரண்டும் மங்கலாக எரிந்தன. பக்க இணைப்பில் மாட்டினாள், இரண்டும் பளிச்சென்று எரிந்தன. புத்தகத்தில் இருப்பது அவ்வளவுதான். பையன் விடவில்லை.

“அக்கா, ரெண்டும் பளிச்சுன்னு எரியுதே, அப்ப பேட்டரி சீக்கிரம் தீந்துருமா?”

அவள் எழுந்து என்னிடம் வந்தாள். “டீச்சர், அந்தப் பய ஒரு கேள்வி கேக்குறான்.” ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் அவளுக்கு அறிவியல் டீச்சர். அன்றைக்கு முன்னால் அவள் ஒரு சந்தேகம் என்று என் மேசைப் பக்கம் வந்ததே இல்லை. நான் பதில் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பக்க இணைப்புப் பக்கத்தை எடுத்துக் கொடுத்து, ‘இங்க இருக்கான்னு பாரு’ என்றேன். திங்கட்கிழமை காலையில் நோட்டோடு வந்தாள். பழைய 6 ஓம், 3 ஓம் கணக்கு. மறுபடியும் 2/9 போட்டு, தலைகீழாக்கி 4.5 ஓம் என்று எழுதி, அதை அடித்திருந்தாள்.

“இது தப்புதானே டீச்சர்? ரெண்டு வழி இருந்தா கரண்ட் கூடப் போகணும். அப்ப 3-ஐ விடக் குறையத்தானே செய்யணும், எப்படிக் கூடும்?”

எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் விடை தப்பு என்று தெரிந்துவிட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில்கூடப் பாதிப் பேருக்கு இது வராது. சூத்திரத்தில் போட்டால் வருகிற எண்ணை அப்படியே அடிக்கோடிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வந்த எண் நடக்கக் கூடியதா என்று நிறுத்திக் கேட்பது இயற்பியலின் உயிர் என்றே சொல்வேன். ஒரு பழைய பல்பும் வாயாடிப் பையனும் சேர்ந்து அதை அவளுக்குக் கொடுத்தார்கள்.

பின்னத்துக்குக் கணக்கு ஆசிரியர் கைகொடுத்தார். அதே பையனுக்கு ஆறாம் வகுப்புப் பின்னம் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தார். சொல்லிக் கொடுப்பதற்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை உட்கார வைத்து, நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்பார். இந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. வெளியே பார்ப்பவர்களுக்கு அக்கா தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பது மட்டும் தெரியும். அதற்கு முன்னால் அக்கா வெட்கமில்லாமல் கற்றுக்கொள்கிற அந்தப் பத்து நிமிஷம் தெரியாது. 1/6 + 1/3-ஐ 1/6 + 2/6 ஆக்கி 3/6, அதாவது 1/2, எனவே R = 2 ஓம் என்று அவள் போட்ட நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பையன் ஒருவனும் இருந்தான். பத்தாம் வகுப்பு வரை எப்படி வந்தான் என்று கேட்கக் கூடாது, எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, “டீச்சர், இந்த ஒரு பக்கத்த மட்டும் வாசிச்சுக் காட்டுங்க, நாளைக்கு நான் சொல்லணும்ல” என்பான். வாசித்துக் காட்டுவேன், பின்னாலேயே வாசிப்பான். மினிமம் மெட்டீரியலை வாசிக்க அவன் ஒருநாளும் என்னைத் தேடி வந்ததில்லை.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கே வளர்த்து, 1797-ல் லண்டனில் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஓர் உயர்நிலைப் பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. மெட்ராஸின் பெயர் அங்கே போய் நிற்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டாம்பிள்ளையும் பெல்லின் மாணவ ஆசிரியனும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வது அங்கே முறை, ஒரு ஆசிரியரின் வேலையைப் பகிர்ந்துகொள்வதற்காக ஏற்பட்டது. நான் பார்த்தது வேறு. அரைகுறையாகத் தெரிந்த பிள்ளை சொல்லிக் கொடுக்கும்போது லாபம் அந்தப் பிள்ளைக்கே அதிகம். முதல் மாணவி சொல்லிக் கொடுத்தால் மளமளவென்று விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள், ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கேள்வி கேட்க இடமே இருக்காது. தட்டுத் தடுமாறிச் சொல்பவளிடம்தான் அவன் தைரியமாகக் குறுக்கே பேசுகிறான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை எட்டு, ஒன்பதாம் வகுப்போடு உட்கார வைத்தேன். அவர்களுக்கும் அங்கே வேலை இருந்தது. ஆறாம் வகுப்பை மட்டும் பின்வரிசைக்கே விட்டுவிட்டேன்.

வயது கலந்து படிப்பதும் புதிதல்ல. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1972-ல் டேவிட் ஹார்ஸ்பரோ தொடங்கிய நீல்பாக் பள்ளியில் வயது கலந்து உட்கார்ந்துதான் படித்தார்கள். அவரிடம் பயின்றவர்கள் ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளுக்குக் கற்றல் ஏணியையும் அட்டைகளையும் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அந்த முறை ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமார் முயற்சியில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றலாக வந்து, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. அந்த அட்டைகளில் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எழுந்துபோய்த் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துவரும் பழக்கத்தோடு வந்தவர்கள், ஆறாம் வகுப்பில் பெஞ்சில் கைகட்டி உட்காரப் பழக வேண்டியதாயிற்று. ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்தது. பத்தாம் வகுப்பின் வாசலில் எல்லாமே நின்றுவிடும். அங்கே பொதுத்தேர்வு உட்கார்ந்திருக்கிறது.

பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு அம்மா, “பத்தாவது படிக்கிற புள்ளைய ஆறாவதுக்குப் பாடம் சொல்லவிட்டா, அது எப்ப டீச்சர் படிக்கும்?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை, மகளின் நோட்டைக் காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை. ஆனால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கை அம்மாவுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்த அம்மா போகும்போது முழுச் சம்மதத்தோடு போனார் என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் திருப்புதல் தேர்வு ஆரம்பித்ததும் நானும் வெள்ளிக்கிழமைகளை நிறுத்திவிடுகிறேன். அந்த அளவுக்கு எனக்கும் பயம் உண்டு.

இன்னொன்றையும் பார்த்தேன். பிள்ளைகள் டீச்சராக உட்காரும்போது எங்களைத்தான் நடிக்கிறார்கள். ஸ்கேலைத் தட்டுவது, ‘இதுகூடத் தெரியலையா’ என்பது, பதில் வருவதற்குள் தானே சொல்லிவிடுவது. ஒரு பள்ளி பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த வராந்தாவில் சற்று நேரம் நின்றால் போதும். அதனால் ஒரு சட்டம் வைத்தோம்: சொல்லிக் கொடுப்பவர் கேள்விதான் கேட்க வேண்டும், விடையைத் தம்பி தங்கைதான் சொல்ல வேண்டும். ஸ்கேல் என் மேசைக்கு வந்துவிட்டது.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவரவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆறாம் வகுப்பு வரலாறும் பத்தாம் வகுப்பு வரலாறும் வேறு வேறு காலம், ஒன்றின் மேல் ஒன்று நிற்பதில்லை. ஆங்கிலத்தில் வாசிப்புக்குப் பயன்பட்டது, இலக்கணத்துக்கு இல்லை. அறிவியலிலும் வேதியியல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெப்பம் நன்றாக வரும் என்று தோன்றுகிறது, அதுவும் ஆறிலிருந்து பத்து வரை தொடர்ந்து வருகிற பாடம்.

இதை எழுதுவதில் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பயிற்சிகள் எல்லாம் வகுப்பு வகுப்பாகத்தான் நடக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பயிற்சிக்குப் போனால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் மட்டும்தான் மேசையில் இருக்கும். ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர், அதே பிள்ளைகள், ஐந்து வருஷம் என்று இருக்கிற பள்ளிகளுக்கு அது போதாது. எந்தப் பாடம் எந்த வகுப்பில் தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்று ஐந்து வகுப்பையும் ஒரே தாளில் காட்டும் அட்டவணை எங்கள் கைக்கு வந்ததில்லை. நானும் கணக்கு ஆசிரியரும் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் போட்டு வைத்திருக்கிறோம். பாடநூலில் 2018 முதல் பாடத்துக்குப் பாடம் கியூ.ஆர். கோடு வந்துவிட்டது, நல்லதுதான். அதோடு இந்த அட்டவணைக்கும் பின்னட்டையின் உள்பக்கத்தில் இடம் ஒதுக்கினால், எங்களைப் போல ஒற்றை ஆளாக அறிவியல் நடத்துகிறவர்கள் ஜூன் முதல் வாரத்திலேயே வெள்ளிக்கிழமைகளைத் திட்டமிட்டுவிடலாம்.